புதுப்பிப்பு: அடிப்பக்கம் 8, உச்சிக்கோணம் 60°, குத்துயரம் 7.5 – இணைகோடு வட்டத்தை வெட்டாத கணக்கு

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது: கேள்வியே தப்பு.

சேலத்தில் பத்தாம் வகுப்புக்குக் கொடுத்த மாதிரித்தாளில் வந்த 8 மார்க் வரைபடக் கணக்கு இது: அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து குத்துயரம் 7.5 செ.மீ. உள்ள முக்கோணம் வரைய வேண்டும். அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியாக, உச்சியில் 60° வரும்படி ஒரு வட்டம் போட வேண்டும்; அடிப்பக்கத்துக்கு இணையாகக் குத்துயரத் தூரத்தில் ஒரு கோடு போட வேண்டும்; இரண்டும் வெட்டும் இடம்தான் உச்சி. எத்தனை முறை வரைந்தாலும் இணைகோடு வட்டத்துக்கு மேலேயே நின்றது. கவராயம் தளர்வு, பென்சில் முனை மழுங்கல் என்றார்கள் சிலர். அதெல்லாம் அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். ஏற்காட்டிலிருந்து எழுதிய ஆசிரியர்தான் சரியாகப் பிடித்தார்: "வரையுறதுக்கு முன்னாடி அதிகபட்ச குத்துயரத்தைப் பாருங்க சார்."

அந்த அதிகபட்சம் அடிப்பக்கத்தில் பாதி × காட்(உச்சிக்கோணத்தில் பாதி); காட் என்பது cot, அதாவது 1/tan. இங்கே 4 × காட் 30° = 4√3, அதாவது 6.93 செ.மீ. 7.5 எப்படி வரும்? மூலத்தில் 5.7 இருந்திருக்கிறது, அச்சில் இலக்கம் இடம் மாறிவிட்டது.

5.7 வைத்து வரைந்தால் வட்டத்தின் ஆரம் 4.6 செ.மீ., மையம் அடிப்பக்கத்துக்கு மேல் 2.3 செ.மீ. கோடு இரண்டு இடத்தில் வெட்டும்; எதை எடுத்தாலும் மற்ற பக்கங்கள் சுமார் 5.8, 9.1 செ.மீ.

எதிர்பாராதது ஒன்று. இரண்டு பிள்ளைகளுக்கு 7.5-க்கே முக்கோணம் "வந்துவிட்டது". வட்டத்தின் மையம் எடுக்க, அடிப்பக்கத்தின் முனையில் கீழே 60° வரைந்து, அந்தக் கோட்டுக்கு 90° எழுப்ப வேண்டும்; அவர்கள் 90° எழுப்பாமல், நேரே அடிப்பக்கத்துக்கு மேல்பக்கம் 60° போட்டு மையம் எடுத்திருக்கிறார்கள். ஆரம் 8 ஆகிவிட்டது. உச்சியில் பாகைமானி வைத்தால் 30°தான் காட்டுகிறது.