முயலுக்கும் மானுக்கும் ஒரே ரைபிள்: .243-ஆ, .22-250-ஆ, .25-06-ஆ?

யீஷூன்காரன்:

அண்ணனுங்களே, வேட்டை பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் நியூசிலாந்துல வைமாட்டே பக்கம் ஒரு செம்மறிப் பண்ணையில வேலை பாக்குறாரு, துப்பாக்கி லைசென்ஸ் இப்பதான் கைக்கு வந்திருக்கு, முதல் ரைபிள் எது வாங்கலாம்னு என்கிட்டயும் கேக்குறாரு, ஏன்னா வருஷக் கடைசி ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள கூட்டிட்டு நாங்க அங்க போறப்ப நானும் அவர் கூட மலைக்குப் போவேன். எனக்குத் தெரிஞ்ச ரைபிள்னா சிங்கப்பூர் என்.எஸ்-ல, அதாவது கட்டாய ராணுவ சேவையில, புடிச்ச சார் 21 ஒண்ணுதான். 300 மீட்டர் டார்கெட் வரைக்கும் அடிச்சிருக்கேன், ஆனா அது போர்டு, இது உயிருள்ள மிருகம், அரைகுறையா அடிச்சு காயத்தோட ஓட விட்டுடக்கூடாதுங்கறதுல நானும் அத்தானும் கறாரா இருக்கோம்.

அங்க முயலும் வாலபியும் (சின்ன கங்காரு மாதிரி இருக்கும்) செம்மறிக்கு வச்சிருக்கிற புல்லை எல்லாம் மேஞ்சு தள்ளிடுதாம். மேல மலையில காட்டு ஆடு, எப்பயாச்சும் சிவப்பு மான். எல்லாம் திறந்த வெளி, 200, 250 மீட்டர் சர்வ சாதாரணம்னு சொல்றாரு. அதனால தூரத்தைக் கணக்குப் போட்டு ஸ்கோப்பைத் திருகிக்கிட்டு இருக்காம நேரா புடிச்சு அடிக்கிற மாதிரி, போற வழியில ரொம்பக் கீழ விழாத, தட்டையா போற கார்ட்ரிட்ஜ் (தோட்டா ரகம்) வேணும். கடைக்காரர் .22-250 ங்கறாரு, பக்கத்துப் பண்ணைக்காரர் .25-06 தான் வாங்கணும்ங்கறாரு, யூடியூப் பக்கம் போனா எங்க பாத்தாலும் 6.5 க்ரீட்மோர், நான் படிச்ச வரைக்கும் .243 சரின்னு தோணுது. ரெண்டு ரைபிளுக்குக் காசு இல்ல. எதை வாங்கச் சொல்றது?

டிமாரு அண்ணன்:

தம்பி, நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கேன், அந்த மலையும் அந்தக் காத்தும் எனக்கு நல்லாத் தெரியும். முதல்ல ஒண்ணு, நீங்க கேக்குற "தட்டை" இருக்கே, அதை எல்லாரும் தேவைக்கு மேல பெருசு பண்றாங்க. 200 யார்டுல ஜீரோ வச்சுட்டு, அதாவது அந்தத் தூரத்துல குறி வச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பை வச்சுட்டு, 300 யார்டுல, அதாவது 275 மீட்டர்ல எவ்வளவு விழுதுன்னு பாருங்க. .22-250 55 கிரெயின் (கிரெயின்ங்கறது குண்டோட எடை) கிட்டத்தட்ட 5 அங்குலம், .243 100 கிரெயின் 7 அங்குலம், .25-06 ஆறரை போல, 6.5 க்ரீட்மோர் 143 கிரெயின் 8 அங்குலம். ஆக மொத்தம் முதல்ல வர்றதுக்கும் கடைசியில வர்றதுக்கும் வித்தியாசம் 3 அங்குலம். ஆட்டோட நெஞ்சுக்கூட்டுல அடிக்க வேண்டிய இடம் 6 அங்குலத்துக்குக் குறையாது. 250 மீட்டர் வரைக்கும்தான் சுடப் போறீங்கன்னா இதுல எதை வாங்கினாலும் தட்டைதான்.

காத்துதான் ஆளைக் கவுக்குறது. எங்க கேன்டர்பரி பக்கம் நார்வெஸ்டர்னு ஒரு காத்து, மலையைத் தாண்டி இறங்குறப்ப சூடா, வறண்டு போய் வரும், அடிக்க ஆரம்பிச்சா நாள் பூரா நிக்காது. மணிக்கு 10 மைல் வேகத்துல குறுக்கக் காத்து வீசினா 300 யார்டுல .22-250 சின்னக் குண்டு 8 அங்குலம் தள்ளிப் போகும், .243 100 கிரெயின் 7 போல, 6.5 க்ரீட்மோர் 5 இல்ல ஐந்தரை. அங்க 10 மைல்ங்கறது அமைதியான நாள் கணக்கு. கீழ விழறதைத் தூரம் தெரிஞ்சா சரி பண்ணிடலாம், எவ்வளவு தூரத்துல எவ்வளவு விழும்னு அட்டவணையே இருக்கு. காத்து நீங்க நிக்கிற இடத்துல ஒரு மாதிரி, நடுவுல பள்ளத்துல ஒரு மாதிரி, ஆடு நிக்கிற இடத்துல வேற மாதிரி. ஆட்டுக்குக் கிட்ட புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு ஸ்கோப்புலயே பாத்து, சந்தேகம்னா சுடாம இன்னும் 80, 100 மீட்டர் கிட்ட ஊர்ந்து போயிடணும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். .22-250 அருமையான தோட்டா, 1915-ல வந்த .250-3000 சாவேஜ் தோட்டாவோட கேஸை (பித்தளைக் கூட்டை) சுருக்கி ஆளுங்க வீட்டுலயே பண்ணிக்கிட்டு இருந்ததை ரெமிங்டன் 1965-ல கடைக்குக் கொண்டு வந்தது, 55 கிரெயின் வினாடிக்கு 3,680 அடி. முயலுக்கும் வாலபிக்கும் அதை மிஞ்ச முடியாது. ஆனா பெரும்பாலான .22-250 பேரல் ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழல வைக்கிற உள் வரி, 14 அங்குலத்துக்கு ஒரு சுத்து, கனமான நீளக் குண்டு அதுல நிலையா பறக்காது, அதனால மானுக்கு ஏத்த குண்டை அதுல போட முடியாது. சின்னக் குண்டை வச்சு மானை அடிக்கிறவங்க இருக்காங்க, பக்கவாட்டுல நிக்குது, தூரம் கம்மி, எலும்புல படலன்னா விழும், கொஞ்சம் கோணலா நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? அது உங்க அத்தானோட முதல் ரைபிளா இருக்கக்கூடாது. இன்னொண்ணு, முயல் கூட்டத்துல தொடர்ந்து சுட்டா பேரல் சூடாகி, உள்ள தொண்டைப் பக்கம் சீக்கிரம் தேஞ்சிடும்.

.243 வின்செஸ்டர் 1955-ல வந்தது, .308 கேஸை 6 மில்லிமீட்டருக்கு சுருக்கினது. இதுல 58 கிரெயின் போட்டா வினாடிக்கு 3,750 அடி, கிட்டத்தட்ட .22-250 மாதிரியே ஆயிடும். அதே ரைபிள்ல 100 கிரெயின் போட்டா 2,960 அடி, ஆட்டுக்கும் பெண் மானுக்கும் தாராளமா போதும். ஒரே ரைபிள்னு நீங்க கேட்டதுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனா கார்ட்ரிட்ஜ் பேரை விட உள்ள இருக்குற குண்டு என்ன ரகம்னு பாக்கறதுதான் முக்கியம், இதை அத்தான்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. முயல் மாதிரி சின்ன மிருகத்துக்குன்னு வர்ற வார்மின்ட் குண்டோட செம்பு ஓடு ரொம்ப மெல்லிசு, பட்ட உடனே சிதற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. அதை ஆட்டோட தோள் எலும்புல அடிச்சா மேலாப்புலயே சிதறி, கை அகலத்துக்குப் புண்ணாகி, நுரையீரலுக்குப் போகாம ஆடு எழுந்து ஓடிடும். அப்புறம் அது எத்தனை நாள் கிடந்து சாகும்னு நினைச்சுப் பாருங்க. ஆட்டுக்கும் மானுக்கும் நுனியில ஈயம் தெரியற சாஃப்ட் பாயின்ட் 95 இல்ல 100 கிரெயின், இல்லன்னா முழுச் செம்புல வர்ற 80 கிரெயின். ரெண்டு டப்பாவையும் ஒரே பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மலைக்குப் போகவே கூடாது.

ஜூரோங் செல்வா:

அண்ணன் சொன்னதுல முக்கால்வாசி சரி. ஆனா சிவப்பு மான்னு எழுதியிருக்காரே, அதைப் பாக்கணும்ல? பெண் மான் சரி, நல்லா வளர்ந்த ஆண் சிவப்பு மான் 150 கிலோவைத் தாண்டும், அதுக்கு .243 ஓரத்துல நிக்கிற தோட்டாதான். .25-06 பெரிய .30-06 கேஸைச் சுருக்கினது, ரெமிங்டன் 1969-ல எடுத்துக்கிட்டாங்க, 100 கிரெயின் 3,230 அடி, 117 கிரெயின் 3,000 அடிக்குக் கிட்ட. தட்டையாவும் போகும், எடையும் இருக்கு, உதை .308 அளவுக்கு வராது. எனக்கு ஆஸ்திரேலியாவுல சொந்தக்காரங்க பண்ணையில காட்டு ஆட்டுக்கும் நரிக்கும் இதைத்தான் குடுத்தாங்க, 250 மீட்டர்ல அடிச்ச ஆடு நின்ன இடத்துலயே மடங்கிச்சு. பக்கத்துப் பண்ணைக்காரர் விவரம் தெரிஞ்சவரு.

டிமாரு அண்ணன்:

செல்வா, .25-06 நல்ல தோட்டா, மறுக்கல. ஆனா இங்க பண்ணைச் சாமான் விக்கிற சின்னக் கடைக்குப் போனா .223, .243, .308, 6.5 க்ரீட்மோர் அலமாரியில இருக்கும், .25-06 ஒண்ணு ரெண்டு டப்பா இருந்தா அதிர்ஷ்டம், விலையும் கூட. புதுசா கத்துக்கிறவருக்கு நிறைய சுட்டுப் பழகணும், அதுக்குத் தோட்டா சுலபமா கிடைக்கணும். பெரிய ஆண் மான் விஷயம் நீங்க சொல்றது உண்மை. மார்ச், ஏப்ரல்ல அதுங்க கத்துற பருவத்துல பெருசு வேணும்னா .270, .308 வச்சிருக்கிற ஆள் கூடப் போகட்டும். வருஷத்துக்கு ஒரு மானுக்காக மத்த நாள் பூரா முயலுக்கு .25-06 தூக்கிக்கிட்டு அலைய வேணாம்.

தேக்கா ரவி:

6.5 க்ரீட்மோர் பத்தி யாருமே பேசல? 2007-ல ஹார்னடி கொண்டு வந்தது, காத்துல கம்மியா தள்ளும்னு அண்ணனே கணக்கு குடுத்துட்டாரு, உதையும் மெதுவுதான், தோட்டா எங்கயும் கிடைக்குது, பெரிய ஆண் மானுக்கும் ஆகும். மலைதான் முக்கியம்னா நான் அதைத்தான் எடுப்பேன். முயலுக்கு அது ரொம்ப அதிகம்ங்கறது உண்மை, 95 கிரெயின் வார்மின்ட் குண்டு இருக்கு, ஆனா .243 சின்னக் குண்டு வேகம் வராது. ஆக, வாரத்துல எத்தனை நாள் வாலபி, எத்தனை நாள் மான், அதை அத்தான்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் சட்ட விஷயம். அங்க லைசென்ஸ் இல்லாத ஆளு, லைசென்ஸ் உள்ளவரோட நேரடி மேற்பார்வையில சுடலாம், ஆனா அவர் உங்க பக்கத்துலயே கை எட்டுற தூரத்துல நிக்கணும், அந்த நேரத்துல அவர் வேற துப்பாக்கியைப் புடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. தனியா எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா வருகையாளர் லைசென்ஸுக்கு நல்லா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். ரைபிள் போல்ட் ஆக்‌ஷனா இருக்கட்டும், அதாவது ஒவ்வொரு தடவையும் கையால தோட்டா ஏத்துறது; தானா ஏறுற செமி ஆட்டோ சென்டர்ஃபயரை 2019-ல தடை பண்ணிட்டாங்க. இதெல்லாத்தையும் விட முக்கியம், திரும்பி வர்றப்ப ஒரு காலி கேஸ் கூட பையில இருக்கக்கூடாது. தோட்டா மட்டுமில்ல, சுட்டு முடிச்ச வெறும் பித்தளைக் கேஸ் கூட சிங்கப்பூர்ல அனுமதி இல்லாம கொண்டு வரக்கூடாத சாமான். பிள்ளைங்க மலையில பொறுக்கி ஜாக்கெட் பாக்கெட்டுல போட்டுக்கும், சாங்கி ஸ்கேனர்ல மாட்டினா அப்பாதான் பதில் சொல்லணும். கிளம்புற அன்னிக்கு எல்லா பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க, ஷூ அடிப்பக்கம் கூட.

யீஷூன்காரன்:

ரவி அண்ணே, அந்தக் காலி கேஸ் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, சின்னவன் கண்டிப்பா பொறுக்குவான், ரொம்ப நன்றி. அத்தானுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அவருக்கு வாலபியும் முயலும் வாரா வாரம், ஆடு மாசத்துக்கு ஒரு தடவை, மான் கிடைச்சா உண்டு. அதனால .243-ன்னு முடிவு பண்ணிட்டோம். செல்வா அண்ணே கோவிச்சுக்காதீங்க, பெரிய மானுக்கு பக்கத்துப் பண்ணைக்காரரையே கூப்பிட்டுக்கிறோம்னு சொல்லிட்டாரு.

இன்னும் ரெண்டு கேள்வி. 58-உம் 100-உம் மாத்தி மாத்திப் போட்டா ஸ்கோப் ஜீரோ என்ன ஆகும்? முயலைக் கறிக்கு எடுக்கணும்னா 58 சரியா?

டிமாரு அண்ணன்:

முயல் கறிக்குன்னா .243 வேணவே வேணாம் தம்பி, எதுவும் மிஞ்சாது. 50, 60 மீட்டர்ல சாதா .22 (.22-250 இல்ல, சின்னத் தோட்டா) போதும், பண்ணையில யார்கிட்டயாவது பழசு ஒண்ணு கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்கிக்கங்க. தலையில அடிச்சா கறி முழுசா கிடைக்கும். காட்டு ஆட்டுல குட்டியும் இளசுமா பாத்து எடுத்தா பிரட்டலுக்கு அருமையா இருக்கும், கிடா வேணாம், நாத்தம் போகாது.

ஜீரோ ரெண்டு குண்டுக்கும் ஒரே இடத்துல விழாது, மேல கீழ மட்டுமில்ல, பக்கவாட்டுலயும் தள்ளலாம், அது ஒவ்வொரு பேரலுக்கு ஒரு மாதிரி. 100 கிரெயினுக்கு ஜீரோ வச்சுக்கங்க, 100 யார்டுல ரெண்டு அங்குலம் மேல பட்டா 250 யார்டு வரைக்கும் நடுவுல புடிச்சே அடிக்கலாம். அப்புறம் ஸ்கோப்பைத் தொடாம அதே பேப்பர்ல 58 மூணு சுட்டுப் பாருங்க, எங்க விழுதோ அதுக்கு ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருகணும்னு எழுதி ரைபிள் கட்டையில டேப் போட்டு ஒட்டிடச் சொல்லுங்க. சைலன்சர் அங்க சட்டப்படி சரிதான், போடறதா இருந்தா முதல்லயே போட்டுட்டு ஜீரோ வைக்கணும், கழட்டினா விழற இடம் மாறிடும்.

வாங்குறப்ப ட்விஸ்ட் 10 அங்குலம்னா 100 கிரெயின் வரைக்கும் பிரச்சனை இல்ல. சாஃப்ட் பாயின்ட்ல ரெண்டு மூணு கம்பெனி ஒவ்வொரு டப்பா எடுத்துப் பாக்கட்டும், அந்தப் பேரலுக்கு எது புடிக்குதோ அதே லாட் நம்பர்ல (ஒரே தொகுதியில தயாரானதுல) அஞ்சாறு டப்பா சேத்து வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க.