குரல் பதிவுக்குப் பாடுகிறவர் காதில் இன்-இயரா, ஹெட்போனா?

பென்னாகரம்_மாடி

வணக்கம். மாடியில் 10க்கு 12 அடி அறையைக் குரல் பதிவுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை, ரோட் என்டி1 கண்டென்சர் மைக், லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று தெருக்கூத்துப் பாட்டு. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. வாத்தியார் ஐந்து கட்டையில் முழுத் தொண்டையில் பாடுவார். மற்றது தாலாட்டு. பாடும் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், குரல் மெலிசு. பின்னால் வாத்தியம் சேர்க்க வேண்டியிருப்பதால் கிளிக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ சத்தம்) ஓட்டிப் பதியலாம் என்று எண்ணம். இருவருமே காதில் எதையும் மாட்டிப் பாடிப் பழகாதவர்கள்.

இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். இன்-இயர் (காதுத் துவாரத்துக்குள் செருகுவது) என்றால் ஷூர் எஸ்இ215, ஹெட்போன் என்றால் சோனி எம்டிஆர்-7506 என்று பார்த்து வைத்திருக்கிறேன். மைக்கில் கசிவு (காதில் ஒலிப்பது வெளியே வந்து பதிவாவது) வரக் கூடாது, பாடுகிறவருக்கு ஸ்ருதியும் விலகக் கூடாது. எதை எடுக்கலாம்?

காவேரிப்பட்டணம்_கட்டை

ஒன்றுதான் என்றால் ஹெட்போன், அதிலும் க்ளோஸ்டு பேக், அதாவது கப்பின் வெளிப்பக்கம் மூடியது. 7506 நல்ல தேர்வு.

கசிவை மட்டும் பார்த்தால் இன்-இயர்தான் ஜெயிக்கும். சிக்கல் பாடுகிறவரின் சொந்தக் குரலில் இருக்கிறது. காதுத் துவாரத்தை அடைத்துவிட்டால், எலும்பு வழியாக உள்ளே வரும் குரலுக்கு வெளியேற வழி கிடையாது. கீழ் அதிர்வெண்கள் ஊதிப் பெருகும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு தடவை ‘ஈ’ என்றும் ‘ஊ’ என்றும் இழுத்துப் பாருங்கள், மண்டைக்குள் கும்மென்று கேட்கும். ‘ஆ’வில் அந்த அளவுக்கு இருக்காது. அதாவது எழுத்துக்கு எழுத்து தன் குரலின் கனம் மாறிக்கொண்டே இருக்கும். மேடைப் பாடகர்கள் பழகிப் பழகித்தான் இதைக் கடக்கிறார்கள். கூத்து வாத்தியாருக்கோ பக்கத்து ஆர்மோனியமும் திறந்த வெளியில் தன் குரல் போய்ச் சேரும் விதமும்தான் வழிகாட்டி. அதை ஒரேயடியாக அடைத்தால், குரல் பெரிதாகக் கேட்கிறதே என்று தொண்டையை அடக்குவார், மேல் ஸ்வரம் இறங்கும். எட்டவில்லை என்று தோன்றினால் கத்துவார், ஸ்ருதி ஏறும்.

ஹெட்போனில் ஒரு பக்கத்தைப் பாதி தள்ளிவிட்டுப் பாடலாம். கவனிக்க வேண்டியது: தள்ளிய கப் மைக்குக்குப் பாடும். அதனால் ஹெட்போன் மிக்ஸை ஒரு பக்கமாகப் பேன் செய்து, மூடிய காதுக்கு மட்டும் அனுப்புங்கள். கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் கேட்காது என்பது இங்கே உதவாது, பாடுகிறவர் தலை இருப்பதே மைக்கின் முகத்துக்கு நேரே.

கூத்துக் குரலுக்குக் கசிவு பெரிய கவலையே இல்லை. அவர் சத்தத்துக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்துத்தான் வைப்பீர்கள், கசிவும் அதோடு அடங்கிவிடும். கசிவதும் அதே ஆர்மோனியம்தான் என்பதால் மிக்ஸில் மறைந்துபோகும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி ஓப்பன் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மைக் முன்னால் மட்டும் வேண்டாம்.

ஓசூர்_டேக்

கூத்துக்கு அண்ணன் சொன்னது சரி. தாலாட்டுக்கு நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன்.

மெலிசுக் குரல்னா கெயினை ஏத்துவீங்க. மிக்ஸ் பண்ணும்போது கம்ப்ரசர் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன் பண்றது) போட்டு இன்னும் 10 டெசிபல் தூக்குவீங்க. பாடும்போது காதுக்கே தெரியாத கிளிக் அப்பதான் வெளியே வரும். தாலாட்டுல வரி முடிஞ்சு குரல் இழுத்து அடங்குற இடம் இருக்கே, அதுதான் உயிர். அங்க ‘டிக்’னு விழுந்தா மென்பொருளால சுத்தமா எடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

அதனால முதல்ல கிளிக்கே வேணுமான்னு யோசிங்க. அந்த அம்மா தொட்டில் ஆடுற கணக்குக்குப் பாடிப் பழகினவங்க. கிளிக்கைத் துரத்த வெச்சா பாட்டோட அசைவே போயிடும். தம்பூரா ஸ்ருதி மட்டும் ஒரு காதுல மெதுவா கொடுங்க. அப்புறம் ரீப்பர்ல ஒவ்வொரு தாளச் சுற்றையும் தேர்வு செஞ்சு, அந்த நீளத்துக்கு மெஷர் (ஒரு தாளச் சுற்றோட அளவு) உருவாக்குற கட்டளையைப் போட்டா, டெம்போ அவங்க பின்னால வரும். வேலை அதிகம்தான், ஆனா இதுதான் முறை.

கிளிக் இல்லாம முடியாதுன்னா, கூர்மையான பீப் சத்தத்தை மாத்தி மந்தமான மரக்கட்டை சத்தம் வைங்க. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டிடுங்க. கடைசி வரியில என்வலப் (சத்தத்தை ஏத்தி இறக்குற கோடு) போட்டு கிளிக்கை இறக்கிடுங்க.

கசிவை அளக்கறதுக்கு ஊகம் வேண்டாம். ஹெட்போனை மாட்டி, மைக் முன்னால அதே இடத்துல வாயைத் திறக்காம நிக்கச் சொல்லுங்க. பாடும்போது வைக்கிற அதே கெயின், அதே ஹெட்போன் சத்தத்துல 30 செகண்ட் பதிவு பண்ணுங்க. அதை 10 டெசிபல் தூக்கிக் கேளுங்க. அறையோட இரைச்சலுக்கு மேல கிளிக் கேட்டா, ஹெட்போன் சத்தத்தைக் குறைக்கணும், இல்லேன்னா கப் சரியா உட்காரலைன்னு அர்த்தம். மூக்குக் கண்ணாடியோட காம்பு பேடைத் தூக்கிடும், அந்த இடுக்கு வழியாத்தான் பெரும்பாலும் கசியும். கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்க, பாட்டைப் பெரிய எழுத்துல எழுதி வெச்சிடுங்க. ஜிமிக்கி, வளையலையும் கழட்டிடணும். தலை அசையும்போது ஜிமிக்கி கப்புல தட்டுற சத்தம் என்டி1 மாதிரி மைக்ல அப்படியே விழும்.

யார்கிட்டயாவது எஸ்இ215 இரவல் கிடைச்சா இதே சோதனையை அதுலயும் செஞ்சு பாருங்க. ஃபோம் டிப்பை உருட்டிச் சுருக்கி, காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிச்சிருக்கணும். பாடும்போது தாடை அசைஞ்சு அடைப்பு விட்டுப்போனா பேஸ் (கீழ் அதிர்வெண் சத்தம்) சட்டுனு காணாம போகும். டிப் சைஸ் சின்னதுன்னு அர்த்தம். ஒயரைக் காதுக்கு மேல சுத்தி, முதுகுப் பக்கம் கிளிப் போடுங்க, இல்லேன்னா துணியில உரசுற சத்தம் காதுக்குள்ள வரும். ஆளுக்கு ஆள் டிப்பை மாத்தியே ஆகணும்.

பென்னாகரம்_மாடி

மிக்க நன்றி. 7506 என்று முடிவு செய்துவிட்டேன். தாலாட்டுக்குத் தம்பூரா மட்டும். இன்னும் இரண்டு சந்தேகம். டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலி லேப்டாப்பைச் சுற்றாமல் 2ஐ2-விலிருந்தே நேராகக் காதுக்கு வருவது) போட்டால் குரல் வறட்டென்று இருக்கிறது, ரிவர்ப் (அறை முழக்கம்) வராதா? 2ஐ2-வில் ஹெட்போன் ஜாக் ஒன்றுதான். நானும் அதே அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு ஜாக்கை இரண்டாக்கும் ஒய் ஸ்ப்ளிட்டர் போடலாமா?

அரூர்_பேட்ச்

டைரக்ட் மானிட்டரை விடாதீர்கள். ரீப்பர் வழியாகக் கேட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபருக்கு (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் துண்டு) உள்ளே வர 5.8 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 5.8. பஃபரைக் குறைத்து மொத்தம் 5 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தாலும் தொல்லை தீராது. எலும்பு வழி வரும் குரலும் தாமதமாக வரும் குரலும் மோதி 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பாடுகிறவருக்குத் தாமதம் தெரியாது, ‘குரல் என்னமோ ஒல்லியா இருக்கு’ என்பார். புளூடூத் ஹெட்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம், தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும்.

ரிவர்புக்கு வழி இருக்கிறது. குரல் ட்ராக்கில் இன்புட் மானிட்டரை ஆன் செய்து, மாஸ்டருக்கு (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி வெளியீடு) போகும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அந்த ட்ராக்கிலிருந்து ரிவர்ப் ட்ராக்குக்கு ஒரு சென்ட் (குரலின் நகலை அனுப்பும் இணைப்பு). ரிவர்பில் வெட் (முழக்கம்) 100 சதவீதம், டிரை (நேர்க்குரல்) பூஜ்யம். நேர்க்குரல் 2ஐ2-விலிருந்து தாமதமில்லாமல் வரும், ரிவர்ப் மட்டும் சில மில்லிசெகண்ட் பிந்தி வரும். அது ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்குமுன் விடும் சிறு இடைவெளி) போலத்தான் கேட்கும். மாஸ்டர் இணைப்பைத் துண்டிக்க மறந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். கூத்து வாத்தியாருக்கு இந்த ரிவர்ப் மிக அவசியம், வெட்டவெளியில் பாடிய தொண்டை அது. தாலாட்டுக்குத் துளி போதும்.

மூன்றாம் தலைமுறை 2ஐ2-வில் டைரக்ட் மானிட்டர் பொத்தானுக்கு மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு நிலை உண்டு. ஸ்டீரியோவில் இருந்தால் முதல் இன்புட்டில் இருக்கும் மைக் இடது காதில் மட்டும் கேட்கும். இரண்டு காதுக்கும் வேண்டுமென்றால் மோனோ. ஒரு காதைத் தள்ளிப் பாடுகிறவருக்கு ஸ்டீரியோ நிலையே வசதி: மைக் முதல் இன்புட்டில், மிக்ஸ் முழுவதும் இடப்பக்கம், வலது கப்பில் ஒன்றும் வராது.

ஒய் ஸ்ப்ளிட்டர் வேலை செய்யும், ஆனால் இருவருக்கும் ஒரே குமிழ். ஒரே மாதிரி இரண்டு ஹெட்போன் என்றால் பரவாயில்லை. ஒரு பக்கம் 17 ஓம் மின்தடை உள்ள எஸ்இ215, மறுபக்கம் 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 770 என்று மாட்டினால், ஒரே குமிழில் இன்-இயருக்கு 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாகப் போகும். நீங்கள் உங்களுக்குக் கேட்கவில்லையென்று திருப்புவது அந்த அம்மாவின் செவிப்பறைக்கு நேராகப் போய் விழும். பெரிஞ்சர் எச்ஏ400 மாதிரி நான்கு வழி ஹெட்போன் ஆம்ப் ஒன்று போட்டால் ஆளுக்கொரு குமிழ் கிடைக்கும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது காதுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்.

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்வீர்கள். சித்திரை வெயிலில் பேடுகள் வியர்வையில் ஊறும், 7506-இன் மேல்தோல் உரிவதற்கு அதுவே போதும். டேக்குக்கு டேக் உலர்ந்த துணியால் துடையுங்கள், மாற்று பேடு தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் குமிழை முழுவதும் இறக்கிவிட்டு, ஹெட்போனை மாட்டிய பிறகு மெதுவாக ஏற்றி, பாடுகிறவர் கை காட்டும் இடத்தில் நிறுத்துங்கள்.