சபைகள் சேர்ந்து நடத்திய நகரச் சேவை நாள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இளைஞர் ஐக்கியத்திலிருந்து ஒருவர்:
பல சபையார் சேர்ந்து ஒரு நாள் நகரில் உதவி வேலைகள் செய்யும் இத்தகைய சேவை நாள் எப்படி நடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எனக் கலந்திருந்த எங்கள் குழுவுக்கு, தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுப் பின்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. முட்செடிகளை வெட்டி, உடைசல்களை அள்ளி, சாக்குகளில் கட்டி வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி சில சாக்குகளை இறக்கி, கட்டை அவிழ்த்து, பெருக்கிய தரையிலேயே குப்பையைக் கொட்டி மறுபடி அள்ளினோம். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "அங்கேதான் ஏற்கெனவே பெருக்கியாயிற்றே, தம்பி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அந்தப் படம்தான் பிறகு எல்லாச் சபைகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது.

பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்:
எனக்கு மறக்காமல் நிற்பது வேலை அல்ல, மாலையில் நடந்த நிறைவு ஜெபம். வண்ணம் படிந்த கைகளோடு எல்லோரும் வட்டமாக நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னோம். தீமையிலிருந்து விடுவிக்கும்படி கேட்கும் வரியோடு கத்தோலிக்கர் நிறுத்திக்கொள்ள, மற்றச் சபையாரான நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று வழக்கமான வேகத்தில் தொடர்ந்துவிட்டோம். என் அருகில் நின்ற அருட்சகோதரி, காலை முழுவதும் என்னோடு ஒரே ஏணியைப் பிடித்தவர், சிலுவை அடையாளம் போடத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். கத்தோலிக்க வழிபாடான திருப்பலியிலும் அந்த மகிமை வரி சற்றுத் தள்ளி வருகிறது என்று பின்னர் அவரே சொன்னார். ஏற்பாட்டாளர்கள் இதை முன்கூட்டியே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம்.

சபை மூப்பர் ஒருவர்:
முதலில் எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு சபைக் குழுவில் பணம் ஒதுக்கமாட்டார்கள். இதை நிர்வாகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். என் அனுபவம் சிறியது: ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் துணி துவைத்தோம், எங்களோடு வந்த இரு போதகர்கள் ஞானஸ்நானத்தைப் பற்றி வாளியை நடுவில் வைத்துக்கொண்டே வாதிட்டார்கள், துணி மட்டும் வெளுத்தது.

இனி நடத்த இருப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1952இல் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு, ஆழ்ந்த கொள்கை வேறுபாடு தனித்து நிற்கும்படி கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சபைகள் சேர்ந்து செயல்பட வேண்டாமா என்று கேட்டது. 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒற்றுமை பற்றி வெளியிட்ட ஒன்றிப்பு ஏடும் சமூகப் பணியில் ஒத்துழைக்கச் சொல்கிறது. ஆனால் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எல்லாச் சபையாரும் சேர்ந்து பங்குகொள்ள முடியாத காரியம், ஆகையால் அதோடு நாளைத் தொடங்கலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அங்கேயே பிளவு தெரிந்துவிடும். வேதவாசிப்பும் பொது ஜெபமும் போதும். குழுக்களைச் சபைவாரியாகப் பிரிக்காதீர்கள், இல்லையென்றால் ஒரே தெருவில் நான்கு சபைகள் நான்கு வேலை செய்துவிட்டுப் பேசாமலே திரும்பும். குழந்தைகள் இருக்கும் இடங்களில் எவரையும் தனியே விடாதீர்கள். மின்வேலையையும் கூரைவேலையையும் தொழில் தெரிந்தவரிடமே கொடுங்கள். சட்டையில் சபைப் பெயரை அச்சிடாதீர்கள். ஆனால் நற்செய்திக் கைப்பிரதி கொடுப்பதை மட்டும் தடுக்க வேண்டியதில்லை. நம் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு சேவை செய்வது எனக்கு உடன்பாடில்லை.

ஒரு பள்ளி நிர்வாகி:
நான் கிறிஸ்தவர் அல்ல. உங்கள் சேவை நாளைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவள். வருகிறவர்கள் அன்பானவர்கள் என்பதில் சந்தேகமில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் முன்சுவருக்குத்தான் வண்ணம் பூசப்படுகிறது, ஏனெனில் அது அனுபவமில்லாத பலரும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை. கழிப்பறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னபோது, "அது ஒரு ஆள் வேலைதானே, எங்களிடம் நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்று ஒருங்கிணைப்பாளர் வருத்தத்தோடு சொன்னார். மூப்பர் ஐயாவின் பட்டியல் நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களிடம் என்ன தேவை என்று கேட்பது அதில் எங்கும் இல்லை.

பெந்தெகொஸ்தே சபை விசுவாசி ஒருவர்:
கைப்பிரதி பற்றி மூப்பர் எழுதியதை நான் ஏற்கவில்லை. அதுவும் கைப்பிரதி ஊழியத்திலேயே வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு காப்பகத்தில் கொடுப்பதில்லை என்று எல்லாப் போதகர்களும் ஒப்புக்கொண்டிருந்தும், எங்களில் ஒருவர் மடித்து வைத்த படுக்கை விரிப்புகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டார். மாலையில் காப்பாளர் அவற்றை ஒரு உறையில் அடுக்கி, "உங்களுடையவை, தவறி விழுந்திருக்கின்றன" என்று என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் வலது பக்கம் நிற்பவர்கள், எளியவர்களுக்குச் செய்தது ஆண்டவருக்கே செய்தது என்று தெரியாமலேயே செய்தவர்கள். ஆண்டவரிடம், எப்பொழுது உம்மைக் கண்டோம் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். மூப்பர் அந்த அதிகாரத்தை எப்படி வாசிக்கிறார் என்று அறிய விரும்புகிறேன். அந்தக் காப்பகத்துக்கு அடுத்த ஆண்டும் போனோம், எல்லாச் சபைத் தலைவர்களும் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்த பிறகு.