துப்பாக்கி விற்ற கடை மேல் என் தம்பி வழக்குப் போட முடியுமா?

திருநகர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி நியூயார்க்கில், குயின்ஸ் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் ராத்திரி ஷிப்ட் கல்லாவில் இருப்பான். போன தை மாசம் முகமூடி போட்ட ரெண்டு பேர் உள்ளே வந்து கல்லாவைத் திறக்கச் சொல்லியிருக்காங்க. திறந்து கொடுத்த பிறகும் தோளில் சுட்டுட்டு ஓடிட்டாங்க. குண்டை எடுத்தாச்சு. ஆனா வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியலை. வீடியோவில் பேசும்போது இடது கையாலேயே சட்டைப் பித்தான் போட்டுக்கிட்டிருந்தான். பார்க்கத் தாங்கலை.

சுட்டவன் பிடிபட்டுட்டான். அந்தத் துப்பாக்கியை அவன் வாங்கலையாம். பென்சில்வேனியாவில் ஒரு கடையில் ஒரு பொண்ணு ஒரே தடவையில் அஞ்சு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கா. எது எது வேணும்னு கை காட்டினதும், பணத்தை எண்ணிக் கொடுத்ததும் கூட வந்த ஆள். படிவத்தில் மட்டும் அவ கையெழுத்து. அவ மேல தனியா கிரிமினல் வழக்கு ஓடுது.

இப்ப அங்கே ஒரு வக்கீல், "விற்ற கடை மேல் இழப்பீட்டு வழக்குப் போடலாம், ஜெயிச்சா மூணில் ஒரு பங்கு எனக்கு, தோத்தா ஒண்ணும் வேண்டாம்" என்கிறார். எங்க அம்மா, "அழகர் உசுரைக் காப்பாத்திக் கொடுத்தாரே, அது போதும், கோர்ட்டு வேண்டாம்"னு அழுகிறாங்க. ஃபீஸ் கேட்காத வக்கீல்னா புரோக்கரா இருப்பாரோன்னு எனக்கும் பயம். துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் அமெரிக்காவில் யாரும் கேஸ் போடவே முடியாதுன்னும் சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உசிலை செல்லப்பாண்டி:

அக்கா, தம்பிக்குச் சீக்கிரம் குணமாகணும். ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. திருப்பாச்சேத்தி அருவாளை வாங்கிட்டுப் போய் ஒருத்தன் வெட்டினா, அடிச்சுக் கொடுத்த பட்டறைக்காரர் மேலயா கேஸ் போடுறோம்? எங்க மாமா பட்டறை வச்சிருந்தவர். எளநீ சீவவும் கருவேல முள்ளு வெட்டவும்தான் அவர்கிட்ட வாங்கிட்டுப் போவாங்க. வாங்குறவன் மனசுல என்ன இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வித்தவனையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்தா யாரும் தொழில் பண்ண முடியாது.

ஒத்தக்கடை வக்கீல்:

டீச்சரம்மா, உயர்நீதிமன்றக் கிளையில் விபத்து இழப்பீட்டு மேல்முறையீடுகள்தான் என் அன்றாட வேலை. அமெரிக்காவில் நான் வக்கீல் இல்லை. ஆனால் கடைக்காரனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு முக்கியமான கேள்வி, அதனால் அங்குள்ள தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

முதலில் செல்லப்பாண்டி தம்பிக்கு. உங்கள் மாமா மேல் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் ஒருவன் பட்டறைக்கு வந்து, "இவன் பேரில் எழுதிக்கங்க, பணம் நான் தர்றேன், அஞ்சு வேணும்" என்று சொன்னால், மாமா கொடுத்திருப்பாரா? 2021இல் நம்மூர்ப் போலீசே, அருவாள் வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. இந்த வழக்கில் கேட்கப்படுவதும் அதுதான்: அந்த விற்பனை நடந்தபோது, கல்லாவில் நின்றவன் எதைப் பார்த்தான், பார்த்தும் ஏன் விற்றான்?

"கேஸ் போடவே முடியாது" என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2002இல் தலைநகர் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் ஒளிந்திருந்து சுட்டு 10 பேரைக் கொன்றார்கள். அந்தத் துப்பாக்கி, ஒரு கடையின் கணக்கில் இல்லாமலே வெளியே போயிருந்தது. கடையும் தயாரித்த நிறுவனமும் சேர்ந்து 2004இல் 25 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. நகராட்சிகளும் வரிசையாக வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தொழில்துறை அரண்டுபோனது. 2005இல் மத்திய அரசு ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கியை வேறொருவன் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், அதற்காகத் தயாரித்தவர் மேலும் விற்றவர் மேலும் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்பது அதன் பொதுவிதி.

அந்தச் சட்டத்திலேயே சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆபத்து என்று தெரிந்தே ஒருவர் கையில் கொடுத்தால் வழக்கு உண்டு. துப்பாக்கி விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பொருந்தும் சட்டத்தைத் தெரிந்தே மீறி, அதனால் பாதிப்பு வந்தாலும் உண்டு. 2008இல் நியூயார்க் நகரம், பொதுமக்களுக்கு இடைஞ்சல் செய்வதைத் தண்டிக்கும் மாநிலப் பொதுத்தொல்லைச் சட்டத்தை இரண்டாவது விதிவிலக்கில் நுழைக்கப் பார்த்துத் தோற்றது. துப்பாக்கியைக் குறித்து எழுதப்படாத பொதுச் சட்டம் போதாது என்றது நீதிமன்றம். அதைப் படித்துத்தான் 2021இல் நியூயார்க் மாநிலம் துப்பாக்கித் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் எழுதியது: திருட்டையும் பினாமி வாங்குதலையும் தடுக்க நியாயமான ஏற்பாடுகள் கடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். 2025 ஜூலையில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. கலிபோர்னியா, இல்லினாய், வாஷிங்டன், மேரிலாந்து என்று பல மாநிலங்கள் இதே வழியில் வந்துவிட்டன. எல்லாச் சட்டமும் ஒன்றுபோல் இல்லை. நியூஜெர்சிச் சட்டத்தின் கீழ் அரசுத் தலைமை வழக்கறிஞர்தான் வழக்குத் தொடுக்க முடியும்.

துப்பாக்கி நிறுவனங்கள் மேல் மெக்சிகோ அரசு போட்ட வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஒருமனதாகத் தள்ளியதையும் கவனியுங்கள். துப்பாக்கி நிறுவனங்கள் கடத்தலுக்குத் துணைபோகின்றன என்று பொதுவாகக் குற்றம் சாட்டினால் போதாது, எந்தச் சட்டவிரோத விற்பனைக்கு அவை உதவின என்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் தம்பியிடம் அந்தக் குறிப்பிட்ட விற்பனை இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் இதே மாதிரி பினாமி பேரில் விற்கப்பட்ட துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். 2015இல் ஜூரி, கடை கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது.

என்னை உறுத்துவது பென்சில்வேனியா. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் சுடப்பட்ட ஒரு பையனின் வழக்கில், ஒஹையோக்காரர் ஒருவர் பினாமிக்குக் கட்டுக்கட்டாகத் துப்பாக்கி விற்றது தெரிந்தும், அவரை நியூயார்க் நீதிமன்றத்துக்கு இழுக்க அதிகாரம் இல்லை என்று 2019இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாநிலத்தில் தாக்கல் செய்யப் போகிறீர்கள் என்பதுதான். பென்சில்வேனியாவில் என்றால் நியூயார்க் சட்டம் கைகொடுக்காமல் போகலாம். மில்வாக்கி வழியில், தெரிந்தே கொடுத்த அலட்சியத்தைச் சொல்லி வாதாட வேண்டியிருக்கும்.

ஃபீஸ் விஷயம்: வெற்றியில் பங்கு பேசுவது நம் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அங்கே அது சட்டப்படி செல்லும், காய வழக்குகளில் அதுதான் வழக்கம். அதை வைத்து அவரைப் புரோக்கர் என்று நினைக்க வேண்டாம். நம்மூரில் கேட்கிற தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் முன்னாலேயே கட்டச் சொல்கிறோம். கை போன கூலித் தொழிலாளி அந்தப் பணத்துக்கு எங்கே போவான் என்று பல முறை மனம் நொந்திருக்கிறேன்.

குயின்ஸ்வாசி:

அக்கா, நான் சொந்த ஊர் சோழவந்தான், இங்கே ஃபிளஷிங்கில் இருக்கேன். வழக்கு வருஷக்கணக்கில் போகும். அதுக்குள்ள வைத்தியச் செலவைப் பாருங்க. வேலை நேரத்தில் சுட்டதால தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் தம்பிக்கு உரிமை இருக்கு, விசா எதுவா இருந்தாலும். முதலாளிக்கு 30 நாளுக்குள்ள எழுத்தில் தெரிவிச்சிருக்கணும், மனுவுக்கு 2 வருஷம் அவகாசம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவங்களுக்கு மாநில அரசு அலுவலகமும் தனியா உதவுது. முதலாளி "வேண்டாம்பா"ன்னு சொன்னாலும் விட வேண்டாம்.

திருநகர் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார், ஆனா எழுத்தில் எதுவும் கொடுத்த மாதிரி தெரியலை. இன்னைக்கு ராத்திரியே தம்பிகிட்ட கேக்குறேன். வக்கீல் சார், அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும்? அந்தத் துப்பாக்கி எங்கேயிருந்து வந்ததுன்னு போலீஸே கண்டுபிடிச்சிருக்கே, அந்தக் காகிதம் வழக்குக்குப் போதாதா?

ஒத்தக்கடை வக்கீல்:

போதாது அம்மா. துப்பாக்கியின் தடம் தேடும் மத்தியத் துறையின் தரவை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகக் கேட்டுப் பெற முடியாதபடி பட்ஜெட் சட்டத்திலேயே தடை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் மேல் நடக்கிற கிரிமினல் வழக்கின் குற்றப்பத்திரிகை நீதிமன்ற ஆவணம், அதை வாங்கலாம். ஒருவரே ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் கைத்துப்பாக்கி வாங்கினால் கடை அரசுக்குத் தனிப் படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பியதா என்று வக்கீல் கேட்கட்டும். கடையின் கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று இப்போதே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். நியூயார்க்கில் அலட்சியக் காய வழக்குக்கு 3 வருடம் கெடு, பென்சில்வேனியாவில் 2தான்.

அம்மாவிடம், தம்பி பணத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகவில்லை, அந்தக் கடை அடுத்த அஞ்சை விற்காமல் இருக்கத்தான் போகிறான் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தம்பியை எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள். தோற்றால் செலவுத் தொகை யார் தலையில் என்கிற பத்தியை மட்டும் படித்துச் சொல்கிறேன்.