பள்ளிக்கரணையில் பார்த்த ஆலா எது? தண்ணீருக்குள் பாயவே இல்லையே!

மேடவாக்கம் வாசி: வணக்கம். ஜனவரியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பறவையைப் பார்த்தேன். புறாவைவிடச் சிறிய உடல், நீண்ட கூரிய இறக்கை. மேலே வெளிர்சாம்பல், கீழே வெள்ளை. உச்சந்தலையில் கறுப்புக் கீற்றுகள், கண்ணிலிருந்து பிடரி வரை கறுப்புப் பட்டை. ஆலாதான், ஆனால் எந்த ஆலா? நன்னீரில் இருப்பதால் ஆற்று ஆலா என்கிறார் நண்பர். ஆலா தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன். இதுவோ நீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியதே தவிர, ஒருமுறைகூட முங்கவில்லை. படமும் மங்கல்.

பழவேற்காட்டுக்காரன்: ஆற்று ஆலா இல்லை தம்பி. அதற்கு அலகு மஞ்சள், உடலும் பெரிது. உங்கள் பறவையின் அலகு என்ன நிறம், தடிமனா? வால் எப்படி? பருத்த அலகு ஆலாவுக்கும் கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு உண்டு, அதனால் கேட்கிறேன்.

மேடவாக்கம் வாசி: அலகு கறுப்பு அண்ணா, சின்னது. வாலில் லேசான பிளவுதான். முதுகு, பிட்டம், வால் எல்லாம் ஒரே சாம்பல்.

குளக்கரை: அப்படியென்றால் மீசை ஆலா, குளிர்காலத் தோற்றத்தில். பிட்டத்தைக் கவனித்தது நல்லது. வெள்ளை இறக்கை ஆலாவும் குளிர்காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் பிட்டம் வெளுப்பு. பருத்த அலகு ஆலா இதைவிட நன்றாகப் பெரிது, குளிர்காலத்தில் தலை பெரும்பாலும் வெள்ளையாகிவிடும், சேற்றுத் திட்டுகளில் நண்டும் பிடிக்கும்.

பாயாததற்குக் காரணம் அதன் தீனி. பூச்சிகள், தலைப்பிரட்டைகள், மேலே வரும் பொடிமீன்கள். எதிர்க்காற்றில் தாழப் பறந்து, அலகை மட்டும் இறக்கி எடுத்துக்கொள்ளும். நீர்ச்செடி மண்டிய ஆழமில்லாத தண்ணீருக்கு அதுதான் சரி. பாய்வதும் உண்டு, ஆனால் குறைவு. வயல்களுக்கு மேலே பறந்தபடியும் பூச்சி பிடிக்கும்.

மேடவாக்கம் வாசி: நன்றி! இங்கே கூடு கட்டுமா?

குளக்கரை: இங்கே இல்லை, வலசை வருவது. காஷ்மீர் ஏரிகளிலும் அசாம், கங்கைச் சமவெளி நீர்நிலைகளிலும் மழைக்காலத்தில் மிதக்கும் செடிகள் மேல் கூடு வைக்கும். ஏப்ரலில் பாருங்கள், கிளம்புவதற்கு முன் சில பறவைகள் உருமாறியிருக்கும். உச்சந்தலை முழுக்கக் கறுப்பு, அலகு அடர்சிவப்பு, வயிறு கருஞ்சாம்பல், நடுவே கன்னத்தில் வெள்ளைப் பட்டை. அதைப் பார்த்தபின் சந்தேகமே வராது.

பழவேற்காட்டுக்காரன்: ஒரு வேண்டுகோள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் நண்பர் இதை ஆற்று ஆலா என்று ஏற்றியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆற்று ஆலா வெட்டவெளியான மணல் திட்டில் முட்டையிடுவது. அணைத் தண்ணீர் ஏறினாலும், நாய் வந்தாலும் முட்டைகள் போய்விடும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் பறவை அது. இல்லாத இடத்தில் இருப்பதாகப் பதிவு சேர்ந்தால் அதன் உண்மை நிலை மறைந்துவிடும்.

மேடவாக்கம் வாசி: ஏற்றித்தான் இருக்கிறார் அண்ணா. இப்போதே பேசுகிறேன்.