குழந்தைகளுக்கு ஹைக்கூ: விரல்விட்டு எண்ணுவதை நிறுத்திய பிறகு

மூன்று வரி ஜப்பானியக் கவிதையான ஹைக்கூவை வரிக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணவைத்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. ஜப்பானிய மொழியில் எண்ணுவது 17 ஒலியலகுகளை, அதில் சொல்லின் கடைசியில் வரும் 'ன்'கூடத் தனிக்கணக்கு. தமிழில் எழுத்தை எண்ணுவதா, அசையை எண்ணுவதா, மெய்யைச் சேர்ப்பதா விடுவதா என்று நமக்கே குழப்பம், பிள்ளைகள் பாவம் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வரி, சின்னதாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் வருவது எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள். முதல் வகுப்பில் ஹைக்கூ என்ற பேச்சையே எடுப்பதில்லை. மூடியில் துளை போட்ட டப்பாக்களில் பென்சில் சீவல், எலுமிச்சைத் தோல், ஈரத்துணி என்று வைத்து, கண்ணை மூடி முகரச் சொல்வேன். (சுவைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.) பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது, 'நல்லா இருக்கு' என்றும் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் திணறுவார்கள். அப்புறம் பென்சில் சீவல் டப்பாவை முகர்ந்த ஒரு சிறுமி, "புது வகுப்பு, யாரையும் தெரியாது" என்றாள். அதை அப்படியே பலகையில் எழுதினேன், பாதிக் கவிதை வந்துவிட்டது.

எழுத ஆரம்பித்ததும் அழகு, இனிமை, போல என்ற மூன்று சொற்களுக்கும் தடை. "அப்போ எப்படி சார் எழுதறது?" என்று சண்டைக்கே வந்தான் ஒருவன். அறையில் இப்போது என்ன கேட்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது, அவன் எழுதியது:

மின்விசிறி நின்றது
இப்போதுதான் கேட்கிறது
கடிகாரம்

இதற்குப் பிறகுதான் ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையைச் சொன்னேன், 1686இல் எழுதியது. பழைய குளம், தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். "தவளைக்கு என்ன ஆச்சு?" என்று எல்லாரும் கேட்டார்கள், நான் பதில் சொல்லவில்லை, ஆளுக்கொரு கதை கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு பாஷோவைவிட இன்னொரு ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸாதான் சட்டென்று ஒட்டிக்கொள்வார், ஈ, நத்தை, சிட்டுக்குருவி என்று அவர்கள் உயரத்திலேயே பேசுகிறவர். ஹைக்கூவில் எந்தப் பருவம் என்று காட்டும் பருவச்சொல்லை விளக்கியபோது கோடை, மழையோடு 'பரீட்சை', 'ஜலதோஷம்' இரண்டையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்.

தொல்லை பெரியவர்களால்தான். மூன்று வரியில் பிள்ளை நிறுத்திய இடத்தில் இவர்களுக்குக் கை பரபரக்கும். கடிகாரக் கவிதை வீட்டுக்குப் போய் 'காலம் பொன் போன்றது' என்ற நாலாவது வரியோடு திரும்பி வந்தது. அதை அடிப்பதற்குள் அவன் அப்பாவுக்கும் எனக்கும் அரைமணி நேர விவாதம்.