முட்டிவலி அம்மாவோடு மத்தியதரைக் கடல் தீவு: சாண்டோரினியா, மால்டாவா?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
எல்லோருக்கும் வணக்கம். மாங்காய் சீசன் முடிந்ததும் குடும்பத்தோடு மத்தியதரைக் கடல் பக்கம் ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம் என்று பேச்சு. நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, சமதரை என்றால் நன்றாக நடப்பார், படி என்றால் சிரமம். சைவம் வேறு. மே, ஜூனில் தோப்பை விட்டு நகர முடியாது, அதனால் செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவுதான், ஒன்பது நாள் வரை இழுக்கலாம். மனைவி ரீல்ஸ் பார்த்துவிட்டு சாண்டோரினி என்கிறார். பஸ்ஸில் ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டே இருக்கும் டூர் பேக்கேஜ் வேண்டாம். விவசாயிக்கு விசா கொடுப்பார்களா என்பதும் சந்தேகம், சம்பளச் சீட்டு எல்லாம் நம்மிடம் ஏது?

ஓசூர்வாசி:
அண்ணா, சாண்டோரினி வேண்டாம். அந்த ஊரே செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது, அதன் முக்கிய ஊரான ஃபிராவில் பழைய துறைமுகத்திலிருந்து மேலே வர அறுநூறுக்குக் கொஞ்சம் குறைவான படி. அங்கே கேபிள் கார் இருக்கிறது, ஆனால் ஊருக்குள்ளும் தெருவுக்குத் தெரு படிதான். போட்டோவில் அழகாக இருப்பதும் அந்தப் படிகள்தான், அம்மா அவதிப்படப்போவதும் அதே படிகளில்தான்.

நான் மால்டா என்பேன். மொத்தமே 316 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் சுமார் பதினாறு மால்டாவைப் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் வீடு எடுத்துத் தங்கி எல்லாவற்றையும் பார்க்கலாம், பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை கிடையாது. 1964 வரை பிரிட்டிஷ்காரன் கையில் இருந்ததால் ஆங்கிலமும் ஆட்சிமொழி, வண்டியும் இடதுபக்கம்தான் ஓடும். பிளக் மட்டும் சதுரக்கால் மூன்று முள், அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தலைநகர் வலெட்டாவிலும் மேடும் படியும் உண்டு, மறைக்கவில்லை, ஆனால் துறைமுகத்திலிருந்து அப்பர் பராக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. மதியம் 12 மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள், பாப்பாவுக்குப் பிடிக்கும். இம்தீனா (Mdina) என்ற பழைய கோட்டை ஊரில் வண்டி நடமாட்டம் குறைவு, அம்மா நிதானமாக நடக்கலாம். கடற்கரை பெரும்பாலும் பாறை, மணல் வேண்டுமென்றால் மெல்லீஹா பக்கம் போங்கள், ஆழமும் குறைவு. செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு, கோடை முழுக்க வெயிலில் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், ஆகஸ்ட் கூட்டமும் வடிந்திருக்கும். எப்போதாவது ஒரு மழை வரலாம்.

மால்டா ரீல்ஸில் கடலுக்குள் கல் வளைவு ஒன்று வரும், அஸூர் விண்டோ. அது 2017 மார்ச்சிலேயே புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதைக் காட்டி டூர் விற்றால் நம்பாதீர்கள்.

தர்மபுரி குமாஸ்தா:
விசா பற்றி. மால்டா, கிரீஸ், இத்தாலி எல்லாமே ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா ஏற்பாட்டில் வரும், ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைகளுக்கு 45, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே போடலாம், நீங்கள் ஜூன் ஜூலையில் அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடுங்கள். கைரேகைக்கு அம்மாவும் நேரில் வர வேண்டும், பாப்பாவுக்கு பன்னிரண்டு ஆகாவிட்டால் ரேகை கிடையாது. உங்கள் முகவரிக்கு எந்த ஊர் மையம் என்று முதலில் பாருங்கள், பெங்களூர் பக்கம் என்பதற்காக அங்கே போய் நிற்காதீர்கள்.

விவசாயிக்கும் கொடுக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது இரண்டுதான்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, திரும்பி வருவீர்களா. சிட்டா, அடங்கல், மண்டி ரசீது, மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போட்ட லோடுக்கு வந்த பணம் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி கணக்கு இருந்தால் அதுவும். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். சீசனில் பணமாகவே வாங்கி வீட்டில் வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த வருஷமாவது கணக்கில் போடுங்கள், விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சம் ஏறினால் சந்தேகப்படுவார்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதை மட்டும் விசா கையில் வரும்வரை தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

ஊர்சுற்றி, பாலக்கோடு:
மால்டாவிலேயே ஒன்பது நாள் என்றால் போரடிக்கும், என் கருத்து. ஊர் முழுக்கக் கட்டிடம், கிரேன். ஐந்தாறு நாள் போதும், மீதிக்கு பக்கத்து இத்தாலியத் தீவு சிசிலி. வலெட்டாவிலிருந்து கப்பலில் சிசிலியின் பொட்ஸாலோ துறைமுகம் இரண்டு மணி நேரத்துக்குள். காற்று பலமாக இருந்தால் கப்பல் ரத்தாகும், அதனால் ஊர் திரும்பும் நாளை ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். எட்னா எரிமலை சுமார் 3,400 மீட்டர், 1,900 மீட்டர் வரை தார் ரோடு, அம்மா அங்கே டீக்கடையில் உட்காரலாம் (டீக்கடை என்றாலும் காபிதான் கிடைக்கும்), நீங்கள் மூவரும் கேபிள் காரில் 2,500 வரை ஏறலாம். மேலே குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். சிராகூஸ் போனால் பாப்பாவிடம் சொல்லுங்கள், "யுரேகா" கதையில் வருகிற ஆர்க்கிமிடீஸ் ஊர் அதுதான். அங்கே ஒர்ட்டீஜியா என்ற பழைய பகுதியில் பெரிய சர்ச் ஒன்று, பழைய அதீனா கோயிலின் தூண்களை அப்படியே சுவருக்குள் வைத்துக் கட்டியது. பெரும்பாலும் சமதரைதான்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
ரொம்ப நன்றி. மனைவியிடம் அஸூர் விண்டோ சமாச்சாரத்தைச் சொன்னேன், முகம் தொங்கிவிட்டது, எட்னா என்றதும் சரியாகிவிட்டது. மால்டா ஆறு நாள், சிசிலி மூன்று என்று வைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு களி இல்லாமல் முடியாது. ராகி மாவு, நெய், கருவேப்பிலை கொண்டு போகலாமா?

ஓசூர்வாசி:
மாவு, ஊறுகாய், பொடி எல்லாம் கொண்டு போங்கள். நெய், பால்கோவா மாதிரி பால் சேர்ந்த எதுவும் கூடாது, இறைச்சியும் கூடாது. கருவேப்பிலையும் வேண்டாம். பச்சை இலை, பழம், காய்கறிக்கு 2019 டிசம்பரிலிருந்து பயணிகளும் தாவர நலச் சான்றிதழ் காட்ட வேண்டும், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. பழ ஈ வந்ததென்று 2014இல் நம் மாம்பழத்தையே நிறுத்தி வைத்தவர்கள் இந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள், உங்களுக்குத் தெரியாததா. வெளியே பசித்தால் பஸ்திட்ஸி என்ற பஃப் கேளுங்கள், பட்டாணி வைத்த ஒன்றும் ரிகோட்டா சீஸ் வைத்த ஒன்றும் எல்லா மூலையிலும் கிடைக்கும், பட்டாணி நம் வாய்க்கு ஒத்துவரும். மாவில் என்ன கொழுப்பு சேர்த்தது என்று கடையில் கேட்டுவிட்டு அம்மாவுக்குக் கொடுங்கள்.

தர்மபுரி குமாஸ்தா:
மால்டாவில் ஹிபோஜியம் என்று தரைக்கடியில் குடைந்த கல்லறைக் கோயில் இருக்கிறது, ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. ஒரு நேரத்தில் பத்துப் பேர்தான் விடுவார்கள், டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். விசா வந்த அன்றே பாருங்கள். உள்ளே படி இருக்கிறது, அம்மாவுக்கு வேண்டாம். அப்புறம் கிளம்பும் நாள் லீவுக்கு முந்தின சாயங்காலம் என்றால் ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரை வண்டி நகராது, விமானத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.